முதல் வடத்துக்கு வந்த எஞ்சின்

ரங்கூன்
தாது வருஷம், ஆவணி 20

அண்ணன் பேயாண்டி அவர்களுக்கும் மதினி அன்னக்கொடி அவர்களுக்கும் தம்பி முத்திருளன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. நான் இங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கிறேன். அங்கே நீங்கள் இருவரும், மாடுகன்றும் எப்படி என்று எழுதவும்.

நான் சொல்லியிருந்த படகு எஞ்சினை நேற்றுக் கப்பலில் ஏற்றிவிட்டேன். எங்கள் பட்டறையில் ஒரு துரை சீமைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. பழசுதான், ஆனால் நானே பிரித்துக் கோத்தது. தெப்பத்தின் பின்பலகையில் மாட்டி, அடியில் இருக்கும் விசிறி தண்ணீருக்குள் முங்கும்படி இறக்க வேண்டும். எஞ்சினின் தலையில் கயிற்றைச் சுற்றி வெடுக்கென்று இழுத்தால் ஓடும். தைப் பௌர்ணமிக்கு அம்மன் தெப்பத்தை மூன்று சுற்றும் இதுவே தள்ளிவிடும்.

வடம் பிடிக்க இனி யாரும் மார்பளவு தண்ணீரில் இறங்க வேண்டாம். அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது தெப்பம் இழுத்த மறுநாள். அடுத்த தையை அவர் பார்க்கவில்லை. முதல் வடம் நம் வீட்டு உரிமை என்று அவருக்குப் பிறகு பதினாறு வருஷம் நீங்கள் இறங்கியாயிற்று. போதும் அண்ணே.

ஒன்றை மறக்காதீர்கள். இந்த எஞ்சின் தன் சூட்டைத் தணிக்கக் குளத்துத் தண்ணீரையே உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய தண்ணீர் பக்கத்தில் ஒரு சின்னத் துளை வழியாக, சின்னப்பிள்ளை ஒண்ணுக்குப் போவது மாதிரி வெளியே வந்துகொண்டே இருக்கும். அது நின்றால் எஞ்சினையும் உடனே நிறுத்துங்கள். தண்ணீருக்கு வெளியே வைத்து ஒரு நிமிஷம்கூட ஓட்டக் கூடாது.

உங்கள் ஆசீர்வாதத்தை வேண்டும்,
முத்திருளன்

*

மேலக்குளம், விளாங்குடி வழி
ஐப்பசி 16

தம்பி முத்திருளனுக்கு அண்ணன் பேயாண்டி ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சுகம். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. மழை பரவாயில்லை, அம்மன் குளம் படி மூழ்கி நிற்கிறது.

உன் எஞ்சினை மதுரை ஸ்டேஷனில் எடுத்து வண்டி கட்டிக்கொண்டு வந்தேன். பெட்டியை உடைத்தபோது ஊரே கூடிவிட்டது. இரண்டாவது வடம் பிடிக்கும் நல்லகாமன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். "என்ன மாப்ள இது, கொக்கத் தலகீழா நிறுத்துனாப்புல இருக்கு" என்றான். அதிலிருந்து ஊரில் எல்லோரும் அதற்குக் கொக்கு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

சரஸ்வதி பூசையன்று கோயில் வாசலில் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டு, பூசை சிறப்பாக நடந்தது. மறுநாள் தெப்பத்தில் மாட்டி ஓட்டிப் பார்த்தோம். இழுத்ததும் ஓடியது. ஆனால் நீ சொன்ன துளையில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. கால் சுற்று வருவதற்குள் பெயின்ட் கருகும் வாடை அடித்தது. தொட்டுப் பார்த்த நல்லகாமனுக்கு விரலெல்லாம் கொப்புளம். நிறுத்திவிட்டேன். ஆறவைத்து மறுபடி ஓட்டினால் மறுபடியும் அதே கதைதான்.

என்ன செய்வது என்று விவரமாக எழுது. இல்லையென்றால் நீயே ஒரு நடை வந்து பார்.

உன் அண்ணன்
பேயாண்டி

*

ரங்கூன்
ஐப்பசி 28

அண்ணன் அவர்களுக்குத் தம்பியின் கும்பிடு. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. செவலை கன்று போட்டது கேட்டுச் சந்தோஷம். நல்லகாமன் விரல் ஆறிவிட்டதா?

எஞ்சின் சுடுகிறது என்றால் தண்ணீர் அதற்குள் போகவில்லை என்று அர்த்தம். விசிறிக்குச் சற்று மேலே சல்லடை மாதிரி ஒரு வாய் இருக்கிறதே, அதில் பாசியோ அல்லித் தண்டோ அடைத்திருக்கலாம். கழற்றிக் கழுவுங்கள். சந்தனம் இட்டதாக எழுதியிருக்கிறீர்கள். துளையில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். விளக்குமாற்று ஈர்க்கை விட்டுக் குத்திவிட்டு, வாயை வைத்து ஊதிப் பாருங்கள். காற்று அந்தப் பக்கம் போக வேண்டும். விசிறி முழங்கை ஆழம் முங்கியிருந்ததா என்பதையும் கவனியுங்கள்.

எஞ்சின் எங்கேயாவது தண்ணீர் இல்லாமல் ஓடியதா? அதை அவசியம் எழுதுங்கள். அதைப் பொறுத்துத்தான் அடுத்த வேலை.

நான் வருவது இப்போது முடியாது. பட்டறையில் ஆள் குறைவு.

முத்திருளன்

*

மேலக்குளம்
கார்த்திகை 9

தம்பிக்கு ஆசீர்வாதம். நாங்கள் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று உன் மதினி கேட்கச் சொன்னாள்.

நீ எழுதியதெல்லாம் செய்தாயிற்று. சல்லடையில் பாசி ஒரு பிடி இருந்தது, எடுத்துவிட்டேன். துளையில் சந்தனமும் இருந்தது. ஈர்க்கை விட்டுக் குத்தி, வாய் வலிக்க ஊதினேன். காற்று போகிறது. விசிறி முழங்கைக்கு மேலேயே முங்கி இருக்கிறது. ஓட்டினால் சூடு குறையவில்லை, தண்ணீரும் வரவில்லை.

கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு நீ நாடி பிடிக்கிறாய். நான் இங்கே நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறேன். கடிதம் போக எட்டு நாள், வர எட்டு நாள். நீ நேரில் வந்தால் அரை நாள் வேலை. நீ கப்பல் ஏறிப் பதினோரு வருஷம் ஆகிறது. தைக்கு வந்தால் எஞ்சினுக்கும் ஆச்சு. அது ஓடாவிட்டாலும் வடத்துக்கு வீட்டு ஆள் ஒருத்தன் இருப்பான். யோசித்து எழுது.

பேயாண்டி

*

மேலக்குளம்
கார்த்திகை 11

முத்திருளனுக்கு, பள்ளிக்கூடத்து வாத்தியார் கல்யாணராமன் எழுதுவது. உன் மதினி வந்து உட்கார்ந்து சொல்லுகிறாள். "நான் சொல்றத அப்படியே எழுதணும், படிச்சவுக பேச்சாத் திருத்திராதீக" என்று உத்தரவு. அதனால் கீழே உள்ளது அவள் வாய்மொழி.

தம்பி, நல்லாருக்கீகளா. நாங்க இருக்கோம். ஒங்க அண்ணே சொகம்னுதான் எழுதியிருப்பாக. அது பொய்யி. புரட்டாசியில புடிச்ச இருமலு இன்னும் விடல. படுத்தா மூச்சு முட்டுதுன்னு ஒக்காந்துக்கிட்டே விடிய வைக்கிறாக. மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டுனேன். நெஞ்சு கெட்டுப்போயிருக்கு, குளுந்த தண்ணியில எறங்குனா ஆளு மிஞ்ச மாட்டாருன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஒங்க அப்பாவுக்கு வந்ததேதான்.

அந்தக் கொக்கு ஓடலேன்னா இவுக தையில எறங்கிருவாக. நாஞ் சொல்லிக் கேக்க மாட்டாக. மொத வடத்த நல்லகாமன் வீட்டுக்குக் குடுத்துட்டு உசுரோட இருக்குறதுக்குச் செத்தே போகலாம்பாக. எங்களுக்கும் புள்ள இல்ல, எறங்க வேற ஆளு யாரு இருக்கா. நீங்க வாங்க தம்பி. வர முடியாட்டி அத எப்படியாச்சும் ஓட வச்சுக் குடுங்க. நான் எழுதுனதா அவுகளுக்குத் தெரியவேணாம்.

இவ்வளவுதான் அவள் சொன்னது. சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அதையும் எழுதிவிடுகிறேன்.

*

ரங்கூன்
கார்த்திகை 24

அண்ணன் அவர்களுக்குக் கும்பிடு. பனிக்காலம், தலைக்குத் துண்டு கட்டாமல் வெளியே போகாதீர்கள். மதினியையும் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இனி எஞ்சினைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். கால் மாதிரி நீண்டு இறங்குகிற பாகத்தில் நான்கு திருகாணி இருக்கிறது. அவற்றைக் கழற்றினால் அடிப்பாகம் தனியாக வரும். உள்ளே பித்தளைக் கிண்ணம், கிண்ணத்துக்குள் ரப்பரில் ஒரு சின்னச் சக்கரம். அதில் ஆறு இதழ். அந்தச் சக்கரம் சுற்றித்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. தண்ணீர்தான் அதற்கு எண்ணெய். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் உரசி உரசி இதழ் கருகிப்போகும். படம் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். திருகாணிகளை வரிசை மாறாமல் ஒரு தட்டில் வையுங்கள்.

நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

தைக்குள் சரியாகவில்லை என்றால் இந்த ஒரு வருஷம் முதல் வடத்தை நல்லகாமனிடமே விட்டுவிடுங்கள். அவர் ஒன்றும் அன்னியர் இல்லை. எனக்கு வர ஆசைதான், லீவு கிடைக்காது. உடம்பு உடம்பு என்று நான் எழுதுவதை வெறும் வழக்கம் என்று நினைக்க வேண்டாம்.

முத்திருளன்

*

மேலக்குளம்
மார்கழி 5

முத்திருளனுக்கு அண்ணன் எழுதுவது. உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. உன் மதினி முகத்தைப் பார்த்தால் அவள்தான் எதையோ உனக்கு எழுதியிருக்கிறாள் என்று தோன்றுகிறது. வாத்தியாரும் என்னைக் கண்டால் வேறு சந்தில் திரும்புகிறார்.

எஞ்சினைப் பிரித்தேன். உன் படம் உதவியது. ரப்பர் சக்கரத்தில் இதழ் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. கருகிப்போன வடை மாதிரி இருக்கிறது. வண்டிச் சக்கரத்துக்கு இருப்பதுபோல் நடுவில் உள்ள பித்தளைக் குடம் மட்டும் முழுசாக இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில். சரஸ்வதி பூசையன்று கோயில் வாசலிலேயே, தரையில் வைத்து ஓட்டினோம். மாலையெல்லாம் போட்டுப் பூசை முடித்துவிட்டுச் சாமி முன்னால் ஒரு தரம் ஓட்டிக் காட்டாமல் எப்படி எடுத்துப்போவது? புது வண்டி வாங்கினால் மாட்டைப் பூட்டி வாசலில் நாலடி ஓட்டுவதில்லையா, அது மாதிரி. "சத்தத்தக் கேப்போம்ணே, போடுங்க" என்று ஊரே கேட்டது. போட்டேன். முன்னமே எழுதியிருக்க வேண்டும். எழுதக் கை வரவில்லை.

மதுரைக்குப் போய் சிம்மக்கல் பக்கத்தில் ஒரு பஸ் பட்டறையில் சக்கரத்தைக் காட்டினேன். அங்கே இருந்த பிட்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத எங்கண்ணே ஓட்டுறீக, வைகையிலயா? மொதல்ல அதுல தண்ணி வரட்டும்" என்று சிரித்தார். இந்தச் சாமான் மதுரையில் எங்கும் கிடைக்காதாம். வெயிலில் நடந்து திரும்பி வரும்போது விளாங்குடியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தேன். முன்பெல்லாம் அந்த வழி எனக்கு ஒரு பொருட்டா?

வடத்தை நல்லகாமனிடம் விடு என்று நீ எழுதிய வரியை இரண்டாம் தரம் நான் படிக்கவில்லை. இன்னொரு தரம் அப்படி எழுதாதே. அந்த வடம் அப்பாவுடையது, அப்புறம் என்னுடையது, அப்புறம் உன்னுடையது.

பேயாண்டி

*

ரங்கூன்
மார்கழி 16

அண்ணன் அவர்களுக்கு. உங்கள் கடிதம் நேற்று வந்தது. கோபித்துக்கொண்டாலும் எழுதினீர்களே, அதுவே எனக்குப் போதும். மதினியைக் கோபிக்க வேண்டாம்.

புதிய ரப்பர் சக்கரம் ஒன்றை இன்று பார்சலில் போட்டேன். தைப் பௌர்ணமிக்குள் வந்து சேரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் இதைச் செய்யுங்கள். கிணற்றில் நீர் இறைக்கும் கமலைச் சாலின் அடியில் தண்ணீர் கொட்டும் தோல் வால் இருக்கிறதே, அந்தத் தோல் ஊறியே பழகினது. சாலுக்குத் தோல் தைக்கும் மலையாண்டியிடம் சொல்லி அதில் ஆறு துண்டு வெட்டச் சொல்லுங்கள். பழைய பித்தளைக் குடத்தில் ரம்பத்தால் கீறி, ஆறு துண்டையும் செருகித் தைக்க வேண்டும். இரண்டு நாள் விளக்கெண்ணெயில் ஊறட்டும். கிண்ணத்துக்குள் வைத்துக் கையால் சுற்றினால் இதழ் ஓரம் கிண்ணத்தை லேசாகத் தடவிக்கொண்டு போக வேண்டும். இங்கே சம்பான் படகுக்காரர்கள் ரப்பர் கிடைக்காத நாளில் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

மூன்று சுற்றுக்கு அது தாங்க வேண்டும். தாங்கும்.

முத்திருளன்

*

மேலக்குளம்
மார்கழி 28

தம்பிக்கு ஆசீர்வாதம். பொங்கல் நெருங்கிவிட்டது. மதினி வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாள். உன் பார்சல் இன்னும் வரவில்லை.

மலையாண்டி முதலில் செய்த சக்கரம் வீணாகிவிட்டது. கிண்ணத்துக்குச் சரியாக இருக்கிறதென்று போட்டோம், தண்ணீரில் தோல் ஊறி உப்பிப்போய்ச் சக்கரம் அசையவே இல்லை. நீ எழுதாமல் விட்டது இது. மலையாண்டி தலையில் அடித்துக்கொண்டு, "ஊறுன தோலு எம்புட்டு உப்பும்னு ஊருக்கே சொல்றவன் நானு, நானே மறந்துட்டேனே" என்றான். இரண்டாவதை நூலளவு சின்னதாக வெட்டினான். ஊறியதும் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்துவிட்டது.

நேற்றுக் காலை ஓட்டினோம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. நிறுத்தப் போகிறபோது துளையிலிருந்து பீய்ச்சிக்கொண்டு வந்தது தண்ணீர். கையை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுவென்று இருந்தது. படியில் நின்ற உன் மதினி சத்தம் போட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாள் ஆகிறது. அரை மணி ஓடியது. அதற்குமேல் பெட்ரோலைச் செலவழிக்க மனமில்லை.

மூன்று சுற்றுக்கு ஒன்றரை மணியாவது ஆகும். தோல் தாங்குமா என்று யாருக்கும் தெரியாது. நடுக்குளத்தில் அம்மனை நிறுத்திவிட்டு நாம் கரையில் நிற்க முடியாது. எஞ்சின் நின்றால் நான் இறங்குவேன். இதை உனக்கு மட்டும் சொல்லிவைக்கிறேன். பௌர்ணமி தை 13. இதைக் கண்டதும் கப்பல் ஏறினால் வந்து சேரலாம்.

பேயாண்டி

*

ரங்கூன்
தை 6

அண்ணன் அவர்களுக்கு. இந்தக் கடிதம் தெப்பத்துக்கு முன்னால் வந்து சேராது. அதனால்தான் இதை எழுத முடிகிறது.

லீவு இல்லை என்பது பொய். கேட்டால் கொடுப்பார்கள். நான் கேட்கவில்லை. இங்கே எனக்கு ஒரு பெண் இருக்கிறாள். பெயர் மா செயின், இந்த ஊர்ப் பெண். சேர்ந்து வாழத் தொடங்கி எட்டு வருஷம். பையனுக்கு ஆறு வயது, பெண்ணுக்கு மூன்று. பையனுக்கு அப்பா பெயரையே வைத்திருக்கிறேன். காளை.

ஊருக்கு வந்தால் இவர்களை எங்கே விட்டு வருவது? கூட்டி வந்தால் என்னை அம்மன் வடத்தைத் தொட விடுவார்களா? உங்களைச் சபையில் தலைகுனிய வைக்க எனக்கு மனமில்லை. அதற்காகத்தான் எனக்குப் பதில் எஞ்சினை அனுப்பினேன். அது ஓடினால் நீங்களும் இறங்க வேண்டாம், நானும் வர வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். மதினி எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அப்போதும் கப்பல் ஏறாமல் தோல் வெட்டுவது எப்படி என்று எழுதிக்கொண்டிருந்தேன். என்னை மன்னிக்க வேண்டும். நீங்கள் தண்ணீரில் இறங்கவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். அதற்குமேல் எதுவும் எழுத வேண்டும் என்றில்லை.

முத்திருளன்

*

மேலக்குளம்
தை 19

தம்பி முத்திருளனுக்கும், மா செயினுக்கும், காளைக்கும், நீ பெயர் எழுத மறந்த சின்னவளுக்கும் பேயாண்டியும் அன்னக்கொடியும் ஆசீர்வாதம்.

நான் தண்ணீரில் இறங்கவில்லை.

தெப்பத்தன்று துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு படியில் நின்றேன், எந்த நேரமும் இறங்குவதற்கு. உன் மதினி ஊர் பார்க்க என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விடவே இல்லை. மூன்று சுற்றும் அந்தச் சின்னத் துளையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், அம்மனைக்கூட நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை. மூன்றாம் சுற்றில் தண்ணீர் சன்னமாகிச் சன்னமாகி நூல் மாதிரி ஆயிற்று. ஆனால் நிற்கவில்லை. தெப்பம் கரை சேர்ந்தது. வடம் நனையாமல் சுருட்டியபடியே கிடந்தது.

முதல் வடக்காரனுக்குக் கட்டும் பரிவட்டத்தைப் பூசாரி எஞ்சினுக்குக் கட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நல்லகாமன் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து, "இனி நமக்கு இங்க வேலையில்லண்ணே" என்றான். என்னை மாப்ள என்று கூப்பிடுகிறவன் அன்றைக்கு அண்ணே என்று கூப்பிட்டான். அடுத்த வருஷத்திலிருந்து வடம் வேண்டாம் என்று கூட்டத்தில் முடிவாகிவிட்டது.

உன் கடிதம் அதற்கப்புறம் மூன்றாம் நாள் வந்தது. மா செயின் விஷயம் எனக்கு ஐந்து வருஷமாகத் தெரியும். ரங்கூனிலிருந்து திரும்பிய மாயக்காள் மகன் சொன்னான். நீயாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். உன் மதினியிடம்கூட நான் மூச்சு விடவில்லை. நேற்றுத்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். காளை என்ற பெயர் வந்ததும் எழுந்து உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை.

நீ சொன்னதுபோல நானும் ஒன்று சொல்லவேண்டும். பூசையன்று ஊரார் ஓட்டச் சொன்னது நிஜம். அரை நிமிஷத்திலேயே "போதும்ணே, நிறுத்துங்க" என்றதும் நிஜம். என் கை அதன் மேல்தான் இருந்தது. சூடு ஏறுவது தெரிந்தது. நீ எழுதியது அத்தனையும் எனக்கு நினைவிருந்தது. நான் நிறுத்தவில்லை. இது கெட்டுப்போனால் பழுது பார்க்க நீ வருவாய் என்று நினைத்தேன். நீ கடிதத்திலேயே பழுது பார்த்துவிட்டாய்.

ரப்பர் சக்கரமும் நேற்று வந்தது. மாட்டியாயிற்று. எஞ்சின் இனி பல வருஷம் ஓடும். வடத்துக்கு ஆள் வேண்டாம். என் நெஞ்சைப் பற்றி டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும், அதையும் உன் மதினி சொல்லிப் பார்த்துவிட்டாள். உன்னைக் கூப்பிட இனி என்னிடம் காரணம் ஒன்றும் மீதியில்லை. சபையில் தலைகுனிவது என் தலை, அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

காரணம் இல்லாமல் வா. எல்லோரையும் கூட்டிக்கொண்டு வா.

உன் அண்ணன்
பேயாண்டி